சத்தம் போடாத ட்ரெக்டர்

ட்ரெக்டர் சாவி எங்கயும் போகல தம்பி, என் பையில தான் இருக்கு. தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லியே. இத பூட்டி முடிச்சுட்டுத் தர்றேன்னு தான் சொல்றேன். அரைகுறையா வச்சு லொறியில ஏத்தினீங்கன்னா, கொஸ்லந்த வளைவு வர்றதுக்குள்ள இந்தப் பெட்டி கழண்டு விழுந்து, கீழ இருக்குற பட்டரியையும் ஒடச்சுட்டுத் தான் அடங்கும். பெட்டி என்னோடது, ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவுது. பட்டரி பங்களாவோடது. அப்ப என்னைய விட்டுட்டு உங்களத் தானே கேப்பாங்க?

ஆ, அப்படி வாங்க. உள்ள வாங்க. அது ஒழுகுற எடம், இங்கிட்டு தள்ளி நில்லுங்க. முந்தி இது கொழுந்து நிறுக்குற மடுவம். மேல பாருங்க, தராசு தொங்குன கொக்கி. இப்ப என் சட்டை தொங்குது. பாறை மேல கட்டுனது, அதனால தான் இன்னும் நிக்கிது.

பேரு என்ன சொன்னீங்க? ஸரூக்கா. பதுளையில எங்க? சரி சரி, பஸ் ஸ்டேண்டுக்கு மேல ஏறுற எடம், தெரியும். நான் யாகோப்பு. பங்களா தோட்டக்காரன்னு சொல்லி அனுப்பிருப்பாங்க. கள்ளன்னும் சொல்லிருப்பாங்க. சொன்னாங்களா இல்லியா? சிரிக்கிறீங்க, அப்ப சொல்லிருக்காங்க. மூணு நாளா கேக்காம கொண்டாந்து வச்சுருக்கேன், வேற என்னன்னு சொல்லுவாங்க. புல்லு வளந்துருச்சாமா? இந்த மழையில புல்ல யாரு தம்பி பாக்கப் போறா.

கொஞ்சம் இந்தப் பலகைய அமுக்கிப் புடிங்க. ரெண்டு கையாலயும். என்னோட எடது கைக்குப் புடி இல்ல, இந்த ரெண்டு வெரலும் சும்மா தொங்கிக்கிட்டு கெடக்கு. ஒத்தக் கையில போல்ட்டுக்கு நட்டு ஏத்திப் பாருங்க, மனுஷனுக்கு அழுகையே வந்துரும். காலையில இருந்து நாலு போல்ட்டுல ஒண்ணு தான் ஏறிருக்கு. ஆங், அப்படித் தான். விட்டுறாதீங்க.

கீழ தண்ணி விழுற பீலிக்கரையில தான லொறிய நிறுத்திருக்கீங்க? வர்றப்ப கால் கழுவிட்டு வந்த மாதிரி தெரியுது. தண்ணி என்ன நெறத்துல வந்துச்சு? இல்ல, சும்மா தான் கேக்குறேன். பிளேன்டீ மாதிரியா, பால் டீ மாதிரியா? பால் டீ மாதிரி. ம். வெள்ளன பிளேன்டீ மாதிரி தான் வந்துச்சு.

மணியா? ஆட்டு மணி. பின்னால கொட்டில் இருக்கு. அத விடுங்க, பலகைய விட்டுறாதீங்க.

இந்த ட்ரெக்டர் வந்தப்ப எல்லாரும் வேடிக்கை பாத்தோம். வெள்ளக்காரங்க வந்து தங்குற பங்களா, இன்ஜின் சத்தம் கூடாதுன்னு கரண்டுல ஓடுறது வாங்கினாங்க. நீங்க தான் கொண்டாந்து எறக்குனீங்களா? அப்ப உங்களுக்கே தெரியும். சத்தமே போடாது. நான் பின்னால வந்து நின்னா சமையக்காரருக்கு நெஞ்சு அடச்சுரும். மனுஷனுக்கு இவ்வளவு சத்தமில்லாத சாமானே ஆகாது யாகோப்புன்னு திட்டுவாரு.

ஸீட்டுக்கு அடியில நாலு பட்டரி. ஒண்ணு பன்னெண்டு வோல்ட்டு, நாலும் வரிசையா சேந்தா நாப்பத்தெட்டு. ஆனா வீட்டுக் கரண்டுல ஓடுற சாமான இதுல நேரா குடுக்க முடியாதுல்ல? அதுக்குத் தான் இந்த இன்வேட்டர் பெட்டி. பட்டரிக் கரண்ட வாங்கி வீட்டுக் கரண்டாக்கித் தரும். படிச்சவங்க யாரும் சொல்லித் தரல, நானா கழட்டிப் பூட்டித் தெரிஞ்சுக்கிட்டது தான். போன மாசம் ஒரு தப்பு பண்ணேன். லொறிக்காரங்க வக்கிற சின்ன இன்வேட்டர் ஒண்ண, நாலு பட்டரியில ஒரு பட்டரியில மட்டும் புடிச்சேன். பன்னெண்டு வோல்ட்டு தானே கேக்குதுன்னு. அது அந்த ஒத்தப் பட்டரிய உறிஞ்சி எடுத்துருச்சு. மத்த மூணும் நெறஞ்சு கெடக்கு, ஒண்ணு செத்துப் போச்சு. வண்டி ரெண்டாவது லயத்து வரிசை வீடுங்களுக்கும் மூணாவது லயத்துக்கும் நடுவுல நின்னுருச்சு. நாலு மாட்டுல ஒண்ணு படுத்துட்டா ஏர் ஓடுமா?

அப்புறம் தான் இது கெடச்சுச்சு. வெலிமடையில ஜெயகுமாருன்னு ஒருத்தரு, சோலார் பிரிச்ச சாமான் விக்கிறாரு. நாப்பத்தெட்டுக்குன்னே செஞ்சது. அடியில பாருங்க, பழைய டயர வெட்டி ரப்பர் வச்சுருக்கேன். இந்த ரோட்டுல குலுங்குற குலுக்குக்கு, ரப்பர் இல்லாட்டி உள்ள ஈயம் வச்ச எடமெல்லாம் விட்டுரும். ஸீட்டுக்குப் பின்னால தான் வைக்கணும், பட்டரிக்கு நேர் மேல வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறுறப்ப பட்டரியில இருந்து ஒரு வாயு வரும். இது ஒரு பொறி போட்டா போதும், ஸீட்டுல இருக்குறவன் நேரா அந்தோனியார் கோயில் கூரையில.

ரெண்டாவது ஏறிருச்சு. நல்ல கை தம்பி உங்களுக்கு. அங்கிட்டு வாங்க, இப்ப இந்த மூல.

என்னத்துக்கா? அந்தா பாருங்க, சாக்கு போட்டு மூடி வச்சுருக்கேன்ல. கோயில் ஸ்பீக்கரு. அந்தோனியார் திருநாளுக்கு மரத்துல கட்டுற புனல் ஸ்பீக்கரு. அந்தப் பெட்டி அதோட அம்ப், கொரல பெருசாக்குறது. அது வீட்டுக் கரண்டுல தான் பேசும். நான் களவெடுத்தது ட்ரெக்டர மட்டும் தான், இது கேட்டு வாங்கினது.

கரண்டு வெள்ளனவே போயிருச்சு. இங்க வானம் இருட்டுனாலே கரண்டு போயிரும். அது போனா டவரும் போயிரும், வர்றப்ப உங்க போனுல டவர் இருந்துச்சா? இல்லில்ல? அது தான். மழை கூடினா போனுக்கு மெசேஜ் அனுப்புவோம்னு கவர்மென்ட்டு ஆளுங்க நம்பர எழுதிக்கிட்டுப் போனாங்க. அனுப்புவாங்க, நான் பொய் சொல்லல. மழை விட்டு மறுநா டவர் வந்ததும் பத்து மெசேஜ் ஒண்ணா வந்து விழும்.

இன்னொண்ணு குடுத்தாங்க, அந்தக் குழாய். வெளிய தூணுக்குப் பக்கத்துல, மழை அளக்குறது. நூத்தம்பது மில்லிமீட்டரத் தாண்டினா லயத்த விட்டுட்டு ஏறிப் போயிரணும். கைய விடாம எட்டிப் பாருங்க, எங்க நிக்கிது? நூத்தி நாப்பத்தி… அஞ்சா? எட்டா? எட்டு. எனக்கும் எட்டு மாதிரி தான் தெரிஞ்சுச்சு. கண்ணு சரியில்லையோன்னு நெனச்சேன்.

பயப்படாதீங்க. நாம நிக்கிறது பாறை. பாறை மேல எல்லாச் சத்தமும் நல்லா கேக்கும், நீங்க கேட்ட மணி மாதிரி.

லயம் மூணு. இந்த மேட்டுக்கு அங்கிட்டு ஒண்ணு, வளைவுக்குக் கீழ ஒண்ணு, பீலிக்கரைக்குப் பக்கத்துல ஒண்ணு. கோயில்ல ஸ்பீக்கரு கட்டுனா முதல் லயத்துக்கு மட்டும் தான் கேக்கும், மேடு மறச்சுரும். அதனால தான் வண்டி. மூணு எடத்துலயும் போய் நின்னு சொல்லணும். நின்னு தான் சொல்லணும், ஓடிக்கிட்டே சொல்ல முடியாது. மோட்டர் இழுக்குறப்ப வோல்ட்டு எறங்கும், இன்வேட்டர் கீச்சு கீச்சுன்னு அழுதுட்டு நின்னுரும். நாலாவது லயம் ஒண்ணு இருந்துச்சு. அது இப்ப இல்ல.

அந்தப் பச்சையா கெடக்குற மேடு பாத்தீங்களா வர்றப்ப? மானாப்புல்லு வளந்து கெடக்குமே. அதுக்குக் கீழ தான்.

பதினோரு வருஷம், இந்த மாசம் தான். பத்துக் காம்பரா லயம், குடும்பத்துக்கு ஒரு அறை. மலை எறங்கி பதினாலு பேரு. பகல்ல, பதினொண்ணே கால் மணிக்கு. எல்லாரும் கேப்பாங்க, நீங்களும் கேக்குறீங்க. பகல்ல எப்படிய்யா பதினாலு பேரு வீட்டுக்குள்ள இருந்தாங்க, வேலைக்குப் போகலியான்னு. போகல. அன்னைக்கு வேலைநிறுத்தம், அஞ்சாவது நாளு.

சல்லிக்கு இல்ல தம்பி. கொழுந்துக்கு. ஒரு நாள் பேருக்குப் பதினாறு கிலோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க, தொரை பதினெட்டாக்கிட்டாரு. மழைக் காலத்துல கொழுந்து ஏது? பதினேழே முக்கால் கிலோ எடுத்தவளுக்கு அரப் பேரு, பாதிச் சம்பளம் தான் போட்டாங்க. அதுல புடிச்ச நெருப்பு. எங்க தோட்டத்துல ஒரு யூனியன் தலைவரு இருந்தாரு. நல்ல பேச்சுக்காரரு. அவரு வாயத் தொறந்தா மத்தவன் வெத்தலைய மெல்றத நிறுத்திருவான், அப்படி ஒரு கொரலு. காலையில பேரு வாசிக்கிற பெரட்டுக் களத்துல ஏறி நின்னு சொன்னாரு, பதினாறுக்கு எறங்குற வரைக்கும் ஒருத்தரும் மலைக்குப் போறதில்லன்னு.

இருங்க, ஒரு கையால அந்த வாசர எடுங்க. சின்னது இல்ல, பெரிசு. ம்.

சங்கு தெரியுமா உங்களுக்கு? பேக்டரி சங்கு. இப்ப பேக்டரி மூடிட்டாங்க, அதுவும் போச்சு. அப்ப அது ஊதினா தான் இங்க பொழுது விடியும். ஊதினா பெரட்டுக்கு ஓடணும், கங்காணி பேரு வாசிப்பாரு, நான் ஐயான்னு சொல்லணும். பாட்டன் காலத்துல இருந்து சங்குன்னா ஒரே அர்த்தம் தான். வேலைக்கு வா. பச்சப் புள்ள தூக்கத்துல சங்கு கேட்டா காலு ரெண்டும் தானா கட்டில விட்டு எறங்கும்.

வேலைநிறுத்தத்துல மூணாவது நாளு தொரை ஒரு வேலை பண்ணாரு. ஒம்போது மணிக்கு சங்க ஊதச் சொன்னாரு. பேசி முடிப்போம் வாங்கன்னு கூப்பிடுறாருன்னு நெனச்சு அஞ்சாறு பேரு போனாங்க. போனவங்க பேர எழுதிக்கிட்டு, பாத்தீங்களா இவங்க வேலைக்கு வந்துட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்குத் தலைவருக்கு வந்துச்சே ஒரு கோவம். லயம் லயமா போய் சொன்னாரு. இனிமே சங்கு எப்ப ஊதினாலும், எத்தன தடவ ஊதினாலும், ஒருத்தரும் வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டுனவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க யாரும் வர மாட்டோம். அவன் பொணத்த அவனே தூக்கட்டும்.

ஆமாங்க. அப்படியே தான் சொன்னாரு.

மூணாவது. ஒண்ணு தான் பாக்கி. கை வலிக்குதா? மாத்திப் புடிங்க, எடுத்துறாதீங்க. சாயத்தண்ணி வேணுமா? பிளாஸ்குல இருக்கு. சூசையம்மா இருந்திருந்தா இந்நேரம் ரொட்டி சுட்டுத் தந்திருக்கும். என் சம்சாரம். யாரு வந்தாலும் முதல்ல ரொட்டி, அப்புறம் தான் என்னா ஏதுன்னு கேக்கும். ஆடு வளத்துச்சு, அந்த மணி கூட அது கோயில் கடையில வாங்கினது தான். அந்த மண்ணுல அதுவும் போயிருச்சுங்க.

பரவால்ல, பரவால்ல. பதினோரு வருஷமாச்சு.

அஞ்சாவது நாளா? சொல்றேன். மூணு நாளா விடாத மழை, இது மாதிரி. டீமேக்கரு பேக்டரி மேல்தட்டுல இருந்து பாத்திருக்காரு, லயத்துக்கு மேல மலையில தேயிலச் செடியெல்லாம் சாஞ்சு சாஞ்சு நிக்கிது. நடக்குற மாதிரி தெரிஞ்சுச்சுன்னு அப்புறம் சொன்னாரு. ஓடி வந்து சொல்ல நேரமில்ல, நடுவுல ஆறு பெருகிக் கெடக்கு. கைக்கு எட்டுனது சங்கு தான். ஊதினாரு பாருங்க, ஒம்போது நிமிஷம். விடாம.

லயத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? கை தட்டுனாங்க. தகரத்துல தாளம் போட்டாங்க. தொரைக்குக் கை வலிக்கலயான்னு ஒருத்தி கத்துனா, எல்லாரும் சிரிச்சாங்க. சங்கு ஊத ஊத இவங்களுக்குப் பிடிவாதம் ஏறுது. ஒம்போது நிமிஷம் தம்பி. கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு மெதுவா நடந்து வந்தாலே அந்தோனியார் கோயிலுக்கு ஆறு நிமிஷம் தான். நான் நடந்து பாத்துருக்கேன். எத்தனையோ தடவ நடந்து பாத்துருக்கேன்.

ஆமா. கேட்டுச்சு. மணி தான்.

இல்ல, எந்திரிக்காதீங்க, நீங்க பாக்க வேணாம். இந்த நட்டு உள்ள ஏறட்டும். வழுக்குது, சனியன்.

எதுல விட்டேன்? தலைவரு. அவரு மட்டும் வெளிய நின்னாரு. லயத்துக் கோடியில, கக்கூசுக்குப் பக்கத்துல, கொடையப் புடிச்சுக்கிட்டு. யாராவது வாசப்படி தாண்டுறாங்களான்னு பாக்குறதுக்கு. அன்னைக்கு அந்த லயத்துல வெளிய நின்ன ஒரே ஆளு அவரு தான். அவரோட பொண்டாட்டி வாசலுக்கு வந்துச்சு. இது வேற மாதிரி ஊதுதுங்க, கூப்பிடுற மாதிரி இல்ல, கத்துற மாதிரி இருக்குன்னு சொல்லிக்கிட்டே ஒரு கால எடுத்து வெளிய வச்சுச்சு. தலைவரு அதப் பாத்தாரு. எல்லாரும் தலைவரப் பாக்குறாங்க. ஊரான் பொண்டாட்டிக்கு ஒரு சட்டம், தன் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்ல? கண்ணால ஒரு மொற மொறச்சாரு. அவ்வளவு தான். வாயக் கூடத் தொறக்கல. அது கால உள்ள எடுத்துக்கிச்சு.

ஏறிருச்சு! நாலும் ஏறிருச்சு. இப்ப நீங்க கைய எடுக்கலாம். ஒதறுங்க, நல்லா ஒதறுங்க.

இப்ப வயரு. செவப்பு பட்டரியில இருந்து பியூஸுக்கு, பியூஸுல இருந்து பெட்டிக்கு. தடி வயரு, குட்ட வயரு, அது தான் முக்கியம். பியூஸ் பட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். நேரா கொண்டு போய் வச்சா டப்புன்னு பொறி பறக்கும், உள்ள ஒரு சாமான் பசியோட கெடக்கும், ஒரே வாயில முழுங்கப் பாக்கும். அதுக்குத் தான் இந்த லொறி பல்பு ரெண்டு. முதல்ல பல்பு வழியா குடுக்கணும். பாருங்க. எரியுதா? மங்குது… மங்குது… அணஞ்சுருச்சு. அணஞ்சா வயிறு நெறஞ்சுருச்சுன்னு அர்த்தம். இப்ப வயர வைக்கிறேன். சத்தமே இல்ல பாத்தீங்களா?

பச்ச லைட்டு. நல்லது.

என்ன கேட்டீங்க? ஏன் இவ்வளவு பாடு, மழை கூடுனா நீங்களே ஓடிப் போய் லயத்துல சொல்லலாமே, அப்படித் தான? நல்ல கேள்வி. போன மாசம் வண்டி நின்னப்ப நான் ஓடித் தான் போனேன். கதவு கதவா தட்டுனேன். வெளிய வாங்க, மேல வெடிப்பு விட்டுருக்குன்னு கத்துனேன். ஒருத்தரும் வரல. பெரியாயின்னு ஒரு அம்மா, பாரிசவாதம் வந்து படுத்த படுக்க. அதோட மக கதவத் தொறந்து என் மொகத்தப் பாத்துச்சு. பாத்துட்டு சொல்லிச்சு, ஒன் பேச்சக் கேட்டு எங்க அக்கா ஒரு தடவ உள்ள இருந்தா, இப்ப ஒன் பேச்சக் கேட்டு நாங்க வெளிய வரணுமா. கதவச் சாத்திருச்சு. நல்ல வேளை, அன்னைக்கு மலை எறங்கல. மறுநா புள்ளைங்க என்னையப் பாத்து சங்கு மாதிரி ஊதிக் காட்டுச்சுங்க.

ஆமாங்க, தம்பி. அந்தத் தலைவரு நான் தான். கால உள்ள எடுத்துக்கிட்டது தான் சூசையம்மா.

கையா? தோண்டுனேன். மம்பட்டி வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா. அத விடுங்க, நேரமில்ல.

ஸ்பீக்கர இந்தக் கம்பியில கட்டுங்க, வாய் முன்னால பாக்க. நனஞ்ச கையால அம்ப் பிளக்கத் தொடாதீங்க, நான் சொருகுறேன். தகரத்த மேல போடுங்க, பெட்டியோட காத்தாடி மூடாம. அது மூச்சு விடணும்.

இப்ப சொல்றேன், பயப்படாம கேளுங்க. பின்னால கொட்டில் இருக்கு, ஆடு இல்ல. கடைசி ஆட்ட வித்து ரெண்டு வருஷமாச்சு. மேல மலையில ஒரு வெடிப்பு, ஒரு முழம் அகலம். அதுக்கு அங்கிட்டு ஒரு முளையடிச்சு, அதுல இருந்து கம்பி இழுத்து, இங்க கொட்டில்ல அந்த மணியில கட்டி வச்சுருக்கேன். மண்ணு நகந்தா கம்பி இழுக்கும். ஒரு தடவ அடிச்சா காத்துன்னு நெனப்பேன். ரெண்டு தடவ அடிச்சா நாயின்னு நெனப்பேன். நீங்க வந்து இறங்குறதுக்கு முன்னால ஒரு தடவ அடிச்சுச்சு. அப்புறம் ரெண்டு, நீங்களே கேட்டீங்க.

முதல்லயே சொல்லிருந்தா நீங்க லொறிக்கு ஓடிருப்பீங்க. தப்பில்ல, யாரா இருந்தாலும் ஓடுவாங்க. அப்ப இந்தப் பலகைய யாரு புடிச்சுருப்பா? எனக்கு ஒரு கையி தான் தம்பி.

காதக் குடுத்துக் கேளுங்க. பீலித் தண்ணி விழுற சத்தம் கேக்குதா? கேக்கல. இவ்வளவு மழையில பீலி நின்னுருச்சுன்னா, மேல மண்ணு நகந்து தண்ணிய அடச்சுருச்சு. லொறிய மறந்துருங்க.

இன்னைக்குப் போயா, பௌர்ணமி லீவு. வேலை இல்ல. எல்லாரும் வீட்டுக்குள்ள தான் இருக்காங்க, அன்னைக்கு மாதிரியே.

இந்தாங்க சாவி. வாக்கு குடுத்தேன்ல, முடிச்சுட்டுத் தர்றேன்னு. ஓட்டத் தெரியும் உங்களுக்கு, நீங்க தான எறக்குனீங்க. மேல் ரோட்டாலயே போங்க, கீழ எறங்காதீங்க. மூணு எடத்துல வெள்ளக் கல்லு நட்டுருக்கேன், ஒவ்வொரு கல்லுலயும் நிறுத்துங்க. இந்த மட்டையில எல்லாப் பேரும் எழுதி ஒட்டிருக்கேன், லயம் வாரியா, காம்பரா வாரியா. ஓடுங்கன்னு கத்தாதீங்க. பேர வாசிங்க. பெரட்டுல வாசிக்கிற மாதிரி, ஒவ்வொண்ணா, அப்பன் பேரு, ஆத்தா பேரு, புள்ள பேரு. தன் பேரு கேட்டா மனுஷன் வாசலுக்கு வந்து தான் ஆகணும், இங்க அது ரெத்தத்துல ஊறுனது. வந்ததும் சொல்லுங்க, கோயிலுக்கு ஏறுங்கன்னு.

நான் வரல. பெரியாயி நடக்காது, அதுக்கு மக ஒருத்தி பத்தாது. நான் குறுக்கு வழியில போறேன். தூக்குறப்ப அது என்னைய திட்டும். வாய் மட்டும் அதுக்குப் படுக்கல. திட்டட்டும்.

ஏன் உங்களையா? வர்றவரு யாரா இருந்தாலும் சரின்னு தான் மூணு நாளா பாத்துக்கிட்டு இருந்தேன். ட்ரெக்டர எடுத்தா பங்களாவுல இருந்து யாராவது ஒருத்தர அனுப்பித் தான ஆகணும். என் கொரல இந்த ஸ்பீக்கர்ல போட்டா, தொறந்து இருக்குற கதவையும் சாத்திருவாங்க. உங்க கொரல இங்க யாரும் கேட்டதில்ல.

அந்தா, மறுபடியும்.

மைக்க வாய்க்குக் கிட்ட வச்சுக்குங்க. செவப்பு சுவிட்சு. பேசுங்க தம்பி.